ரேடியேட்டரை மாற்றுவதற்கு முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெயில் ஏறத் தொடங்கியதிலிருந்து கம்பம், போடி, செங்கோட்டை, கொழிஞ்சாம்பாறை எனக் கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை மோட்டார் சைக்கிள் சூடாவதைப் பற்றியே பேசுகின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் விவரம் மிகுந்த கடிதத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடும் 200 சிசி வண்டி, வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வேலையின் பொருட்டு வாரத்தில் ஐந்து நாள், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, கம்பத்திலிருந்து குமுளி வழியாக வண்டிப்பெரியாறு சென்று வருகிறேன். லோயர் கேம்ப்பைத் தாண்டி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிகிறது. தேனி சாலையில் எவ்வளவு வேகமாகப் போனாலும் எரிவதில்லை. கோவையில் ஒரு கடைக்காரர், இரட்டைத் தடிமன் கொண்ட முழு அலுமினிய ரேடியேட்டரைப் பொருத்தினால் தொல்லை தீரும் என்கிறார். வாங்கலாமா? (ஒரு வாசகர், கம்பம்)

பதில்: வாங்க வேண்டாம். அதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மலையேறும் எஞ்சின் அதிகமாக உழைக்கிறது, அதனால்தான் சூடாகிறது என்று நாம் எல்லோரும் எண்ணிக்கொள்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி வரவில்லை. வண்டியும் இரண்டு ஆட்களுமாக 300 கிலோ எடை, 100 மீட்டருக்கு 7 மீட்டர் உயரும் ஏற்றம், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், ஏற்றத்துக்கும் டயர் உராய்வுக்கும் சேர்த்துத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாட்தான். அதே வண்டி சமதளத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை எதிர்த்துப் போவதற்கு எட்டு அல்லது ஒன்பது கிலோவாட் வேண்டும். எஞ்சினில் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில், தோராயமாகச் சொன்னால், மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கும் ஒரு பங்கு புகைக்குழாய்க்கும் ஒரு பங்கு கூலண்டுக்கும் போகிறது. முதல் கியரில் ஊரும்போது கூலண்டுக்குப் போகும் பங்கு சற்றுக் கூடும் என்றாலும், மலையில் வெளியேற்ற வேண்டிய வெப்பத்தைவிடச் சில மடங்கு அதிகமான வெப்பத்தை உங்கள் ரேடியேட்டர் தேனி சாலையில் சிரமமின்றி வெளியேற்றிக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். ஆகவே அதன் அளவு போதவில்லை என்று சொல்ல இடமில்லை. குறைவது காற்று.

ரேடியேட்டர் வெப்பத்தை அழிப்பதில்லை, காற்றிடம் ஒப்படைக்கிறது. வேகமாகப் போகும்போது காற்று தானாக வந்து வாங்கிக்கொள்கிறது. லாரியின் பின்னால், அதன் புகையையும் தார்ச்சாலையின் அனலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு 15 கிலோமீட்டர் வேகத்தில் நகரும்போது, அந்தச் சிறிய ஃபேன் இழுத்துத் தருவது மட்டுமே காற்று. இதோடு பருவமும் சேர்ந்துகொள்கிறது. கூலண்ட் 100 டிகிரியில் இருக்கும்போது வெளிக்காற்று 25 டிகிரியாக இருந்தால் இரண்டுக்கும் இடையே 75 டிகிரி வேறுபாடு உண்டு. வெளிக்காற்று 40 டிகிரியானால் அது 60 ஆகச் சுருங்கிவிடும். ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது என்பதால், மார்கழியில் செய்த வேலையில் ஐந்தில் ஒரு பங்கை அது சித்திரையில் செய்ய முடியாமல் போகிறது. மார்கழியில் தொல்லை தராத வண்டி சித்திரையில் தருவதற்கு இதுவே போதுமான காரணம்.

இப்போது கடைக்காரர் சொல்லும் இரட்டைத் தடிமனைப் பார்ப்போம். முன்வரிசைக் குழாய்களைக் கடக்கும் காற்று அங்கேயே சூடாகிவிடுகிறது. அந்தச் சூடான காற்றுதான் பின்வரிசைக்குப் போய்ச் சேரும். எனவே தடிமன் இரு மடங்கானால் குளிர்ச்சி இரு மடங்காகாது. அதைவிட முக்கியமானது, தடித்த ரேடியேட்டர் காற்றை அதிகமாகத் தடுக்கும். வேகமாகப் போகும் வண்டியில் அந்தத் தடையைக் காற்றின் அழுத்தம் வென்றுவிடும். உங்களைப் போல் ஊரும் வண்டியில், கம்பெனி வைத்த அதே சிறிய ஃபேன், முன்பு இழுத்த காற்றைக்கூட இழுக்க முடியாமல் திணறும். பந்தயத் தடத்தில் ஓடுபவருக்கு அந்தப் பொருள் பயன்படலாம். குமுளிக்கு ஏறுபவருக்கு அது பணத்தைக் கொடுத்துச் சூட்டை வாங்குவதாகக்கூட முடியும். நானே பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையின் பேச்சைக் கேட்டு அப்படி ஒன்றைப் பொருத்திக்கொண்டு, ஆரியங்காவு ஏற்றத்தில் முன்பைவிடச் சீக்கிரமாக வண்டியை ஓரங்கட்டியவன். ஃபேனின் ஒயரை அவர்கள் மாற்றி இணைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பது பிறகு தெரிந்தது.

அதனால் உங்கள் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஃபேன்தான். எஞ்சின் சூடானதும் அது சுழல்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் கூலண்ட் 100 டிகிரியை ஒட்டி வரும்போது அது ஓடத் தொடங்க வேண்டும். சுழல்வது மட்டும் போதாது, சரியான திசையில் சுழல வேண்டும். ஃபேன் பின்புறம் இருக்கும் வண்டிகளில் அது முன்னாலிருந்து காற்றை உள்ளே இழுக்க வேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தை ரேடியேட்டரின் முன்பக்கம் காட்டினால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் இணைப்பு தலைகீழாக இருக்கிறது. ஆறு ஆண்டு ஓடிய ஃபேன் மோட்டார், சுழன்றாலும் வலுவிழந்திருக்கக்கூடும். பெரிய ரேடியேட்டருக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதிக்குப் புதிய ஃபேனே கிடைத்துவிடும்.

அடுத்தது ரேடியேட்டரின் மூடி. இதைப் பலர் வெறும் மூடி என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது ஓர் அழுத்த வால்வு. பல வண்டிகளில் அதன் மேல் 1.1 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த அளவு அழுத்தத்தை உள்ளே காத்து வைத்திருக்கும்வரை, வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியைத் தொட்ட பிறகே கொதிக்கும். கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே போகும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்துவிட்டாலோ ஸ்பிரிங் தளர்ந்துவிட்டாலோ அந்த அழுத்தம் நிற்காது, கொதிநிலை இறங்கிவிடும். உயரம் கூடக் கூட வெளிக்காற்றின் அழுத்தமும் குறையும். 1,500 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி பழுதான வண்டி மலையில் முதலில் நிற்பது இதனால்தான். வண்டி முழுதும் ஆறிய பிறகே இதைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால், அழுத்தம் விலகிய அந்தக் கணத்திலேயே உள்ளிருக்கும் திரவம் கொதித்து முகத்தில் பீறிட்டு அடிக்கும். அப்படி வெந்த கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதாக, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே அடைந்திருக்கும் சேறும் பூச்சிகளும். பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸில் அடிக்கும் அழுத்தத் தண்ணீரை அருகில் பிடித்தால் தகடுகள் மடிந்து, இருக்கும் காற்று வழியும் அடைபட்டுவிடும். மடிந்தவற்றை ஒரு மெல்லிய மூங்கில் குச்சியால் பொறுமையாக நிமிர்த்தலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

இத்தனையும் செய்து, கூலண்டையும் மாற்றி, அதன் பிறகும் விளக்கு எரிந்தால் மட்டுமே ரேடியேட்டரைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் தடிமனைத் தேடாமல், காற்றுக்கு முகம் காட்டும் பரப்பு கூடுதலாக இருப்பதைத் தேடுங்கள். அகலமோ உயரமோ கூடினால் புதிய குளிர்ந்த காற்று கூடுதலாகக் கிடைக்கும். தகடுகள் நெருக்கமாக இருப்பது கடையில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மலைச்சாலைச் சேற்றில் முதலில் அடைபடுவதும் அதுதான். வாங்குவதற்கு முன், முன் ஃபோர்க்கை முழுவதும் அமுக்கிச் சக்கரம் எங்கே வந்து நிற்கிறது என்றும், ஹேண்டிலை இரு புறமும் கடைசிவரை திருப்பினால் எது எதில் இடிக்கிறது என்றும், புகைக்குழாய்க்கும் ரேடியேட்டருக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் அளந்துகொள்ளுங்கள். தாங்கும் இடங்களில் ரப்பர் புஷ் இல்லாமல் நேரடியாக நட்டுப் போட்டு இறுக்கினால், ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வில் சில மாதங்களிலேயே வெல்டிங் விரிசல் விடும்.

லோயர் கேம்ப்பில் சாலையைக் கடக்கும் மின்நிலையத்தின் பெரிய குழாய்களை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். பெரியாற்று அணையில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும், அந்தக் குழாயில் இறங்கி ஓடினால்தான் அங்கே விளக்கெரியும். கூலண்டின் கொள்ளளவைக் கூட்டினால் போதுமா என்று கேட்டு எழுதியிருக்கும் இன்னும் இருவருக்கும் இதையே சொல்வேன். கொள்ளளவு கூடினால் சூடேறச் சில நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான்.

கேள்வி: மலையேறும்போது சூடானதால் என் மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டார். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்கிறார். இப்போது சூடு குறைந்திருக்கிறது, ஆனால் மைலேஜும் குறைந்துவிட்டது. காலையில் வண்டி இழுக்க மறுக்கிறது. (ஒரு வாசகர், மூணாறு)

பதில்: தெர்மோஸ்டாட் குளிர்நாட்டுக்காரர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பட்டறைகளில் இன்னும் போகவில்லை. அது ஒரு தானியங்கி வால்வு. எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வரும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைத்து, குறித்த வெப்பத்தில், பொதுவாக 70 டிகிரிக்கும் 90 டிகிரிக்கும் இடைப்பட்ட ஒரு நிலையில், திறக்கும். அதை எடுத்துவிட்டால் உங்கள் ஊரின் காலைக் குளிரில் எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வருவதற்கே நெடுநேரமாகும். ஜனவரியில் புல்வெளியில் உறைபனி படியும் ஊரில் இருந்துகொண்டு அதைக் கழற்ற ஒப்புக்கொண்டீர்களே என்றுதான் எனக்கு வியப்பு. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று சென்சார் சொல்லிக்கொண்டிருப்பதால் கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலை நீர்த்துப்போகச் செய்கிறது. மைலேஜ் குறைவது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. ஆயில் கெடுவது தெரியவில்லை.

சில எஞ்சின்களில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தெர்மோஸ்டாட் திறக்கும்போதே, கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றிவரும் குறுக்கு வழியை அது அடைத்துவிடும். அதைக் கழற்றினால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும்; கடும் வெயிலில் கூலண்டின் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பிவிடும்.

உங்கள் பழைய தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கிக்கொண்டிருந்திருக்கலாம். அப்படியானால் மாற்ற வேண்டியதுதான், எறிந்துவிட்டு வெறுமையாக விட வேண்டியதில்லை. புதியதைப் பொருத்துவதற்கு முன், ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, நூலில் கட்டி அதில் தொங்கவிட்டு, அதன் மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையில் திறக்கிறதா என்று பாருங்கள். நூலில் தொங்கவிடுவது முக்கியம். அடியில் கிடந்தால் பாத்திரத்தின் சூடு அதை ஏமாற்றிவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டு போர்த் தண்ணீரைத்தான் ரேடியேட்டரில் ஊற்றி வருகிறேன். அண்மையில் திறந்து பார்த்தபோது துருப் பிடித்த நிறத்தில் இருந்தது. கடையில் பச்சை, சிவப்பு, நீலம் என்று கூலண்ட் வைத்திருக்கிறார்கள். எந்த நிறம் அதிகக் குளிர்ச்சி தரும்? (ஒரு வாசகர், செங்கோட்டை)

பதில்: நிறம் வெறும் சாயம். ஒரே நிறத்தில் இரண்டு கம்பெனிகள் இரண்டு வேறு கலவைகளை விற்கின்றன. எனவே வண்டியின் கையேட்டில் குறித்திருக்கும் வகையைப் படித்து வாங்குவதே வழி. வெவ்வேறு வகைகளை ஒன்றோடொன்று கலந்தால் அரிப்பைத் தடுக்கும் மருந்துகள் ஒன்றையொன்று கெடுத்து, சில நேரம் கூழ்போலத் திரண்டு மெல்லிய குழாய்களை அடைத்துவிடும்.

வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை வெல்ல ஆளில்லை என்பது உண்மைதான். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் சரிபாதியாகக் கலந்தால், வெப்பத்தைச் சுமக்கும் சக்தி தண்ணீருடையதைவிடக் குறையத்தான் செய்யும். அப்படியிருந்தும் அதைக் கலக்கச் சொல்வது, கொதிநிலையை உயர்த்துவதற்கும், அதைவிட முக்கியமாக, அதோடு வரும் அரிப்புத் தடுப்பு மருந்துக்காகவும்தான். உங்கள் போர்த் தண்ணீரில் இருக்கும் உப்பு, எஞ்சினுக்குள் மிகச் சூடான இடத்தைத் தேடிப் போய்ப் படியும். வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் சிலிண்டரைச் சுற்றியும் படிந்து, உலோகத்தின் சூடு கூலண்டுக்குப் போகவிடாமல் போர்வைபோல மூடுகிறது. அந்த நிலையில் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தாலும் சூடு அதுவரை வந்து சேராது.

பழையதை முழுவதும் வடித்து, காய்ச்சி வடித்த நீரால் இரண்டு மூன்று முறை அலசிய பிறகு புதியதை ஊற்றுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் என்று கேட்டு வாங்கலாம். ஆசிட் கலந்த பாட்டிலை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூலண்டை அப்படியே ஊற்றும் வகையா, தண்ணீர் கலக்க வேண்டிய வகையா என்று பாட்டிலில் எழுதியிருக்கும். கலக்க வேண்டியதைக் கலக்காமல் ஊற்றினால் குளிர்ச்சி கூடாது, குறையும். மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்தபடியே ஆறிய எஞ்சினை ஓடவிட்டு, குமிழிகள் வருவது நிற்கும்வரை மட்டத்தை நிரப்பிக்கொண்டே வாருங்கள். கூலண்ட் சூடேறிப் பொங்கி வரத் தொடங்குவதற்குள் மூடிவிடுங்கள். உள்ளே காற்று தங்கினால், புதிய கூலண்ட் ஊற்றிய மறுநாளே விளக்கு எரியும், மெக்கானிக்கைத் திட்டுவீர்கள். குமிழி எத்தனை முறை வெளியேற்றியும் வந்துகொண்டே இருந்தால், ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) வழியாகப் புகை உள்ளே வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வடித்த கூலண்டை வாசலில் ஊற்றிவிடாதீர்கள். அது இனிக்கும், நாய் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும்.

கேள்வி: கோடையில் இங்கிருந்து கோவைக்குப் போகும்போது வராத சூடு, ஆடி மாதக் காற்றுக் காலத்தில் வருகிறது. வெயில் குறைவாக இருக்கும்போது சூடு எப்படிக் கூடும்? (ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: இந்த முறை வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நீங்கள் வாழ்வது பாலக்காட்டுக் கணவாயின் வாயில். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து கிழக்காக அந்த இடைவெளியில் புகுந்து வீசும். காற்றாலைகளை அங்கே நட்டிருப்பதே அதனால்தான். கோவைக்குப் போகும்போது அது உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வருகிறது. நீங்கள் 40 கிலோமீட்டர் வேகத்தில் போக, காற்றும் 30 கிலோமீட்டர் வேகத்தில் அதே திசையில் வந்தால், ரேடியேட்டருக்குக் கிடைப்பது 10 கிலோமீட்டர் வேகக் காற்றுதான். வண்டி ஓடுவதுபோல் தெரிந்தாலும் ரேடியேட்டரைப் பொறுத்தவரை நெரிசலில் நின்றுகொண்டிருக்கிறது. மாலையில் திரும்பி வரும்போது சூடு இல்லை என்றால் இதுதான் காரணம் என்று உறுதியாகிவிடும். ஃபேன் நன்றாக ஓடினால் இதற்கு வேறு செலவு ஏதும் தேவையில்லை. கல் படாமல் இருக்க ரேடியேட்டரின் முன்னால் கம்பிவலை மாட்டியிருந்தால், அதன் கண்கள் பெரிதாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். கொசுவலைபோல நெருக்கமாக இருந்தால் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: பெரிய ரேடியேட்டர் பொருத்தினால் சோதனைச் சாவடியில் அபராதம் போடுவார்களா? கேரளத்தில் மிகவும் கண்டிப்பாக இருக்கிறார்களே. (ஒரு வாசகர், மீனாட்சிபுரம்)

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. ரேடியேட்டரின் அளவு பதிவுச் சான்றில் இடம்பெறும் விவரம் அன்று. ஆனால் அதைப் பொருத்துவதற்காகச் சேஸிஸை அறுத்து வெல்டிங் வைத்தால், அது வண்டியின் அமைப்பையே மாற்றுவதாகிவிடும். அங்கே வாதாடிப் பயனில்லை. கம்பெனி விட்டிருக்கும் அதே நட்டுத் துளைகளில் உட்காரும் பொருளை மட்டும் வாங்குங்கள். வாரண்டி இன்னும் முடியவில்லை என்றால் அதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: என்னுடையது ரேடியேட்டர் இல்லாத, காற்றில் குளிரும் 150 சிசி வண்டி. போடிமெட்டு ஏறும்போது கால் வெந்துபோகிறது. ஆயில் கூலர் ஒன்றைத் தனியாகப் பொருத்திக்கொள்ளலாமா? (ஒரு வாசகர், போடிநாயக்கனூர்)

பதில்: பல்சர் 220 போன்ற வண்டிகளில் கம்பெனியே ஆயில் கூலர் வைத்திருந்தது; இன்டர்செப்டர் 650இலும் இருக்கிறது. அவற்றின் ஆயில் பம்ப்பும் வழிகளும் அதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. உங்கள் வண்டியில் வெளியிலிருந்து ஒன்றைச் சேர்த்தால், நீளமான ஹோஸில் அழுத்தம் குறைந்து, சிலிண்டர் ஹெட்டுக்குப் போகும் ஆயில் குறையக்கூடும். ஹோஸ் ஓரிடத்தில் உரசிக் கசிந்தால் அந்த ஆயில் போய் விழும் இடம் பின்சக்கரம். 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் அது விளையாட்டல்ல. மேலும், உங்கள் வண்டிக்கு எச்சரிக்கை விளக்கே இல்லாததால், கால் சுடுவதைத் தவிர வேறு அளவுகோல் உங்களிடம் இல்லை. காற்றில் குளிரும் எஞ்சின் காலைச் சுடுவது அதன் இயல்பு.

கையேட்டில் குறித்த தடிமனுள்ள ஆயிலை உரிய நேரத்தில் மாற்றுங்கள். சிலிண்டர் தகடுகளில் காய்ந்து ஒட்டியிருக்கும் சேற்றைச் சுரண்டி எடுங்கள். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றி, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், இழுத்துக் கட்டிய செயின் இரண்டும் ஏற்றத்தில் எஞ்சினுக்குக் கூடுதல் பாரம். அதன் பிறகும் கால் சுட்டால், பாதி வழியில் ஒரு தேநீர்க் கடையில் 20 நிமிடம் நிறுத்திவிட்டு ஏறுங்கள்.